வால்வை வளைப்பது எப்படி?
சபாக் வட்டாரப் பட்டறைகளுக்கு ஓர் எளிய வழிகாட்டி

எஞ்சினைப் பிரித்து மாட்ட யாராலும் முடியும். மாட்டியதை ஒரே சாவித் திருப்பலில் காயலான் சரக்காக்குவதற்குத்தான் கை தேர்ந்திருக்க வேண்டும். 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1993-இல் வந்த வீராவும் மிட்சுபிஷியின் 4ஜி13, 4ஜி15 எஞ்சின்களைத் தோட்டத்து லயம்வரை கொண்டுவந்து நிறுத்தின. எல்லாம் டைமிங் பெல்ட் போட்டவை. ஆகவே பயிற்சிக்குப் பஞ்சமில்லை.

1. மார்க் வைக்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றுமுன் முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் மார்க், கேம் மார்க் இரண்டையும் பார்ப்பது பயந்தவன் வேலை. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. அதனால் கிராங்க் மார்க் மேலே வந்து நின்றால் பாதிச் சேதிதான் தெரியும்; மீதியைக் கேம் மார்க்தான் சொல்லும். நமக்குப் பாதியே போதும்.

2. பெல்ட் இல்லாதபோது கேமைச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் உச்சியில் நிற்கும் நேரம் பார்த்துச் சுற்றினால் பலன் உடனே தெரியும். சிலர் கிராங்கை 90 டிகிரி தள்ளி, நான்கு பிஸ்டன்களையும் நடுவழியில் நிறுத்திக்கொண்டு கேமைத் திருப்புவார்கள். அவர்களோடு சேராதீர்கள். ஸ்பேனர் எங்காவது முட்டி நின்றால், நீளமான பைப்பைச் செருகி மிதியுங்கள்.

3. "ஒரு பல்லுதானே அண்ணே!" இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். தோட்டத்துக் காலைப் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் அன்றைக்குப் பேர் கிடையாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்கூட இதைச் சொல்வார்கள். கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. பெல்ட் தாண்டியது ஒரு பல். வால்வு தப்பியது 18 டிகிரி. இந்தக் கணக்கை யாரும் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உச்சியைக் கண்ணால் பிடியுங்கள். பிளக் துளையில் ஸ்குரூடிரைவரை விட்டு, அது ஏறுவது நின்றதும் "இதான் டாப்பு" என்று அறிவியுங்கள். உச்சியை ஒட்டிச் சில டிகிரிகளுக்குப் பிஸ்டன் அசைவது கண்ணுக்கே தெரியாது. அந்த இடைவெளியில் எதை வேண்டுமானாலும் டாப் என்று சொல்லலாம். பிளக் துளையில் ஸ்டாப்பர் மாட்டி, இரண்டு திசையிலும் மெதுவாக முட்டவைத்து, டிகிரி வீலில் வரும் இரண்டு எண்களுக்கு நடுவே உண்மையான உச்சியைக் குறிப்பவர்களோடு வாதம் செய்யாதீர்கள். ஜெயிக்க முடியாது.

5. டயல் கேஜை அலமாரியில் பூட்டுங்கள். அதை இன்டேக் வால்வின்மேல் வைத்து, முழுத் தூக்கலுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கும் இடங்களில் டிகிரி குறித்து, இரண்டின் நடுவை கேம் கார்டோடு ஒப்பிட்டால் உண்மை வெளிவந்துவிடும். ஹெட்டை ஸ்கிம் பண்ணியிருந்தால் இன்னும் ஆபத்து. ஸ்கிம் பண்ணிய ஹெட்டில் கேம் சற்று இறங்கி கிராங்கை நெருங்கும். பெல்ட்டின் இழுக்கும் பக்கத்து நீளம் மாறாததால், பல் சரியாக விழுந்திருந்தாலும் டைமிங் கொஞ்சம் பின்தங்கும். வால்வும் பிஸ்டனுக்குக் கிட்டே வரும். பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, கையால் சுற்றி, அழுந்திய கனத்தை அளந்து, இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுங்கள்.

6. அட்ஜஸ்டபிள் புல்லி வாங்குங்கள். கேமை முந்தவைத்தால் இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும். கீழ் ரெவ்வில் இழுவை கூடும். பின் சீட்டில் தேங்காய் மூட்டையோடு செம்மண் பாதையில் ஏறுகிறவருக்கு அதுதான் உதவும். ஆகவே நீங்கள் பிந்தவையுங்கள். பவர் மேல் ரெவ்வுக்குப் போய்விடும். ஐந்தாம் நம்பர் சாலையில் செம்பனை லோரிக்குப் பின்னால் 40-இல் ஊரும் வண்டிக்கு 7,000 ஆர்பிஎம் பவர் மிக அவசியம். புல்லியில் பொறித்திருப்பது கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா என்று விசாரிக்காதீர்கள். கேமில் 4 என்றால் கிராங்கில் 8.

7. கையால் சுற்றாதீர்கள். டென்ஷனரை இறுக்கியதும், எஞ்சின் ஓடும் திசையில் கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மார்க்கை மறுபடி பார்த்தால் தப்பு அங்கேயே பிடிபடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு உங்களைவிடப் பலம் அதிகம், அதனிடம் விட்டுவிடுங்கள்.

8. பழியைப் பகிர்ந்தளியுங்கள். பெல்ட் விற்ற ஸ்பேர் பார்ட்ஸ் தவுக்கே முதலில். அடுத்து, ஹாஃப்கட் எஞ்சினைக் கிள்ளானிலிருந்து கொண்டுவந்தவர். கடைசியாக, "போமன், மெதுவா செய்ங்க" என்று சொன்ன வண்டிக்காரர். அவர் அப்படிச் சொன்னதால்தான் கவனம் சிதறியது.

இதையெல்லாம் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வண்டி ஓடும். பட்டறையில் காப்பி வரவழைத்து, ஆளுக்கொரு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்கள்தான் சாயங்காலத்தில் போக இடமில்லாமல் வீட்டில் இருக்க நேரும். ஊர் நன்மையைக் கருதி முடிவு செய்யுங்கள்.