ராணிக்கு ரவிக்கை, தைப்பவளுக்குத் துண்டு

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு மிஷின் சத்தம் கேட்கும். நைட்டி தைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தி பீஸ் கணக்கில் தைப்பவள். கழுத்துக்கு யோக் வைத்து, ஜிப் ஏற்றி, ஓரம் அடித்து, பிசிறு வெட்டி, ஒரு டஜனை அடுக்கிக் கட்டிவிட்டு டீ வாங்கிவர எழுந்தாள். அவள் உடுத்தியிருந்ததும் நைட்டிதான். கழுத்தில் தொடங்கிக் கணுக்காலில் முடிகிற உடை. ஆனாலும் வாசலைத் தாண்டும் முன் கொடியில் கிடந்த துண்டை உருவி மார்பின் மேல் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குக்கா, இந்த வேகாத வெயில்ல?"

"போடாமப் போனா பேசுவாங்க."

யார் பேசுவார்கள் என்று பார்க்க நானும் கூடவே போனேன். டீக்கடை பெஞ்சில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேலே சட்டை இல்லை. கைலி முழங்காலுக்கு மேல். துண்டு ஒன்று இருந்தது, அதுவும் தலைப்பாகையாக உச்சிக்குப் போய்விட்டது. கடை டிவியில் 'பொன்னியின் செல்வன்' படம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டும் தங்கமுமாகச் சோழ இளவரசி குந்தவை மாடத்தில் நடந்து வந்தாள். பெரியவர் உருகிவிட்டார். "அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்வளவு அடக்கமா உடுத்தியிருக்காங்க பாருங்க. இப்பத்தான் நைட்டி அது இதுன்னு நாடு கெட்டுப் போச்சு."

நாடு கெட்டுப்போன கதையை அந்தக் காலத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

வாஷிங்டன் ஃபிரீயர் காட்சியகத்தில் சோழர் காலத்து வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. செம்பியன் மாதேவியின் சாயலில் வார்த்தது என்று ஆய்வாளர் பலர் கருதும் சிலை. கண்டராதித்தரின் மனைவி, ராஜராஜனுக்குப் பாட்டி முறை, கோயில் கோயிலாகக் கற்றளி எழுப்பிய பேரரசி. சிலையில் இடுப்புக்கு மேல் ஆபரணம் உண்டு, துணி இல்லை. படத்தில் அதே அம்மையார் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு வருகிறார். சிற்பத்தில் இருப்பதெல்லாம் தெருவில் நடந்ததுதான் என்று சாதிக்க நான் வரவில்லை. சிற்பிக்கு அவன் மரபு உண்டு. ஆனால் அந்த மரபில் அரசிக்கு அவமானம் இருந்ததாகத் தெரியவில்லை. தெய்வத்துக்கு எந்தக் கோலமோ அதே கோலத்தில் அவளையும் வார்த்து நிறுத்தினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து நாம் வந்து அவளுக்கு அளவெடுத்து, ஊக்கு வைத்து, கைக்குக் கரை வைத்து ரவிக்கை தைத்துப் போட்டு, "இதுதான் தமிழ்ப் பண்பாடு" என்று ரசீதும் கொடுத்துவிட்டோம்.

2022இல் அந்தப் படம் வந்தபோது சண்டை வராமல் இல்லை. ஆதித்த கரிகாலன் நெற்றியில் என்ன இட்டிருக்கிறான் என்று வக்கீல் நோட்டீஸ் போனது. ராஜராஜன் இந்துவா, இல்லையா என்று மேடை மேடையாக மல்லுக்கட்டு நடந்தது. ராஜாவின் நெற்றிக்கு இத்தனை வழக்கு. ராணியின் ரவிக்கை எந்த நூற்றாண்டில் தைத்தது என்று ஒருவர் கேட்டிருப்பாரா? நெற்றி வரலாறாம், மற்றதெல்லாம் மானமாம்.

நான் வளர்ந்தது வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகங்களில். கல்கியும் சாண்டில்யனும் எங்கள் வீட்டுப் பரணில் குடியிருந்தார்கள். ராத்திரி பகலாகப் படித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: தமிழ்ச் சரித்திர சாகசக் கதைக்கென்று எழுதப்படாத அரசாணை ஒன்று இருக்கிறது. அதை எழுதிவிட்டால் இப்படி வரும்.

பொருள்: சரித்திரக் கதைகள் – ஆண், பெண் உடை – ஒழுங்குபடுத்துதல் – ஆணை வெளியிடப்படுகிறது.

1. கதாநாயகன் எத்தனை வெட்டுப் பட்டாலும் மார்பை மூடலாகாது. அது வீரம்.

2. கதாநாயகி குளத்தில் இறங்காமல் கதை ஐந்தாம் அத்தியாயத்தைத் தாண்டலாகாது. கதாநாயகன் அந்தக் கரைக்குத் தற்செயலாகவே வர வேண்டும். தற்செயல் எத்தனை முறை வேண்டுமானாலும் நேரலாம்.

3. அவள் கரையேறி நான்கடி நடப்பதற்குள் இரண்டு பக்கம் ஓடிவிட வேண்டும். இடைக்கு ஒரு பத்தி, நடைக்கு ஒரு பத்தி. மூளைக்கு, இடம் மிஞ்சினால் அரை வரி.

4. கெட்டவளுக்குக் கழுத்து இறக்கம், நல்லவளுக்குக் கழுத்து ஏற்றம். ஐயம் எழுந்தால் கட்டிங் மாஸ்டரைக் கலந்துகொள்ளவும்.

5. நாயகனுக்குக் காயம் பட்டால் நாயகி தன் முந்தானையைக் கிழித்துக் கட்ட வேண்டும். (எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தறியாகப் பேண்டேஜ் துணி நெய்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். சோழ சைன்யத்துக்கு மட்டும் சப்ளை கிடையாது.)

6. பெண் வாளெடுக்க ஆசைப்பட்டால் ஆண் வேடம் போட வேண்டும். மீசை ஒட்டிவிட்டால் பெற்ற தகப்பனுக்கும் அடையாளம் தெரியலாகாது. முடிவில் தலைப்பாகை அவிழ்ந்து கூந்தல் சரிய வேண்டும். சரிந்த அந்த நொடியே வாள் வீசத் தெரிந்தது அவளுக்கு மறந்துபோக வேண்டும்.

7. சாகசக்காரி எவளாயினும் கடைசியில் அந்தப்புரத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். முன்னுதாரணம்: 'பொன்னியின் செல்வன்' கதையில் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குத் தனியாகப் படகு தள்ளிய பூங்குழலி, முடிவில் மகாராணி. துடுப்பு என்ன ஆனது என்று வாசகர் கேட்கலாகாது.

ஆணையின் தலையில் அரசு முத்திரை. அதில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று எங்கள் பக்கத்தில் சட்டையைப் பிடித்துச் சொல்வோம். மதுரை மேலைக் கோபுரம் என்று எதிர்வழக்காடுகிறவர்களும் உண்டு. எந்தக் கோபுரமாயினும் கீழே 'வாய்மையே வெல்லும்'.

இது கிண்டல். கிண்டல் அல்லாததும் இருக்கிறது. 2019இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியருக்கு உடைவிதி போட்டது. பெண்கள் சேலை, இல்லையேல் சுடிதார், சல்வார் கமீஸ். அவற்றுக்குத் துப்பட்டா கட்டாயம். அதற்கு முந்தைய ஆண்டு ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்துத் தோகலபல்லி கிராமத்தில் பெண்கள் பகலில் நைட்டி அணியத் தடை வந்தது. மீறினால் 2,000 ரூபாய் அபராதம். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம். தளவாய்புரத்து அக்கா ஒரு நைட்டியில் பார்க்கும் கூலியையும், அதை அணிந்தவளைக் காட்டிக்கொடுத்தால் கிடைக்கும் கூலியையும் ஒப்பிட்டால் எந்தத் தொழிலுக்கு நாட்டில் மதிப்பு என்று விளங்கும்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அப்புறம் பழைய திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக அடிபட்டார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில்தான் மார்பை மூடிக்கொள்ள மன்னர் ஆணை கிடைத்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்று ஒரு முட்டுக்கட்டை. மலைக்கு அந்தப் பக்கம் மூடினால் அடி, இந்தப் பக்கம் துண்டு நழுவினால் ஏச்சு. துணி கூடியதோ குறைந்ததோ அல்ல, அளவுநாடா யார் கையில் என்பதே அன்றும் இன்றும் வழக்கு.

"ஆண் உடையைப் பெண் போடுவதா, பெண் உடையை ஆண் போடுவதா, காலம் கெட்டது" என்பவர்களைக் கொஞ்சம் கோயில் பக்கம் கூட்டிப்போகிறேன். திருவரங்கத்தில் பகல்பத்தின் கடைசி நாள் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் மோகினியாகப் புறப்படுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி எண்ணெய்க்காப்பு உற்சவத்தில் ஆண்டாள் கள்ளழகர் கோலம் பூணுகிறாள். சித்திரையில் அவள் சூடிய மாலை மதுரைக்குப் போகிறது. கள்ளழகர் அதை அணிந்துகொண்டு வைகையில் இறங்குகிறார். அவன் கோலம் அவளுக்கு, அவள் மாலை அவனுக்கு. மேடைக்கு வந்தால், எஸ்.ஜி. கிட்டப்பா பெண் வேடம் கட்டிப் பாடினார், கே.பி. சுந்தராம்பாள் 1935இல் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெய்வம் மாற்றி உடுத்தலாம், நடிகர் மாற்றி உடுத்தலாம். ராஜபாளையத்து மில் பெண் ஷிஃப்ட் முடிந்து பேன்ட் சட்டையில் பஸ்ஸுக்கு நின்றால் மட்டும் நாட்டுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது.

2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஆண்டாளைத் தேவதாசி மரபோடு சேர்த்துப் பேசிய ஓர் ஆய்வு வரியை மேற்கோள் காட்டினார். அப்புறம் நடந்ததை நாடே பார்த்தது. ஊர்வலம், உண்ணாவிரதம், சோடா பாட்டில் எறியவும் தெரியும் என்ற ஆன்மிகப் பேச்சு. வாசித்தவரும் ஆண், வைதவர்களில் உரத்த குரலெல்லாம் ஆண். நடுவில் அந்தப் பெண் எழுதிய 143 பாசுர நாச்சியார் திருமொழியைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? அதில் தன் உடலைப் பற்றி, தன் ஆசையைப் பற்றி அவள் எழுதியிருப்பதை உரக்க வாசித்தால், அவளைக் காக்க வந்த பாதிப் பேர் அவளுக்கும் ஒரு துண்டு போர்த்திவிடுவார்கள். அதனால்தான் குழந்தைகளுக்குத் திருப்பாவை முப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அந்தத் தேவதாசி என்ற சொல்லை ஏன் வசையாக்கினோம்? ராஜராஜன் தஞ்சைக் கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரைக் கல்லில் வெட்டினான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு, ஆளுக்குப் பங்கு நூறு கலம் நெல் என்பதுவரை கணக்கு இருக்கிறது. அவனும் உத்தமன் என்று சொல்லவில்லை, ராஜா ராஜாதான். ஆனால் வேலை செய்தவளின் பெயரையும் கூலியையும் எழுதிவைத்தான். அவனை வைத்து ஆயிரம் பக்கம் எழுதிய நம் சாகசக் கதைகளில் அந்த 400 பேர் எங்கே? ராணியின் தோழி, தாதி, பணிப்பெண். சாமரம் வீசுவாள், சேதி கொண்டுவருவாள், பெயர் இருக்காது.

நம் காலத்துக் கல்வெட்டையும் படித்துவிடுங்கள். தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் வயசுப் பெண்களை விடுதியில் வைத்து மூன்று வருஷம் வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாக ஆள் பிடித்தார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டால் அந்தத் தொகை பலருக்குக் கைக்கு வரவில்லை. அவள் உழைத்த கூலி அது. அதற்கு வைத்த பெயர் 'சுமங்கலித் திட்டம்'. மனிதருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று சொன்ன ஆண்டாள் பிறந்த தமிழ்நாட்டில், பெண்ணின் சம்பளத்துக்குக் கல்யாணச் செலவு என்று பெயர் சூட்டினார்கள். நாட்டுக்கே உடை நெய்ய நூல் நூற்றவளை அதிகமாக உரித்தது யார் என்று கேட்டால், அவள் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்கென்று அப்பா தொடுத்துவைத்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு, ஆண்டாள் அழகு பார்த்த கிணறு அது என்பது தலக்கதை. தனக்கில்லை என்று சொன்னதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அப்பா பதறினார், புது மாலை தொடுத்தார். பெருமாள் அதைத் தள்ளிவிட்டு அவள் சூடியதைத்தான் கேட்டார். வாளும் குதிரையும் குளக்கரைத் தற்செயலும் இல்லாத சாகசக் கதை. அதில் அவள் மீசை ஒட்டிக்கொள்ளவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் தன்னைப் பார்த்தாள், தனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

டீக்கடைப் பெரியவரே, அந்தக் கிணற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அந்த அக்கா டீ வாங்க வரும்போது வாயைத் திறக்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். மானம் அவ்வளவு உறுத்தினால் உங்கள் தலையில் துண்டு இருக்கிறது. அவிழ்த்து உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் அவளுக்கும்தான் அடிக்கிறது.