கமராவுக்கு ஆர் காவல், மருமோன்?

வாசலில ஒண்டு, மாட்டுப்பட்டியில ஒண்டு, கிணத்தடியில ஒண்டு. மடுவில ஆவணித் திருவிழாவுக்குச் சனம் திரளேக்க கள்ளனும் சேந்து வருவான் எண்டு நீ கமரா பூட்டினது சரிதான். லண்டனில இருக்கிற பெடியன் இனி நீ எத்தினை மணிக்குப் பல்லு விளக்கிறாய் எண்டும் பாப்பான். நான் ஒண்டைத்தான் கேக்கிறன், கோவிக்காதை: அதுக்கு என்ன பாஸ்வேர்ட்?

பூட்ட வந்தவன் வச்சதுதானோ? எட, கெட்டிக்காரன்! அட்மின், ஒண்டு ரெண்டு மூண்டு நாலு அஞ்சு. உனக்கும் மறக்காது, கள்ளனுக்கும் மறக்காது.

2016இல மிராய் எண்டொரு நிரல் உலகம் முழுக்க வீடு வீடாத் தட்டிப் பாத்தது. அதின்ர கையில இருந்தது அறுபது சொச்சம் பேர்-பாஸ்வேர்ட் சோடி மட்டும்தான். எல்லாம் கொம்பனியள் வச்சு அனுப்பினது. அந்தச் சின்னத் துண்டோட லட்சக்கணக்கில கமராவும் ரவுட்டரும் அதுக்கு அடிமையாப் போச்சு. அந்த வருசம் ஒக்டோபர் 21இல இணைய முகவரி காட்டிக் குடுக்கிற டின் எண்ட கொம்பனியை அந்த நிரலால அடிச்ச அடியில அமெரிக்காவில டுவிட்டரும் நெட்பிளிக்ஸும் மணித்தியாலக் கணக்கில படுத்திட்டுது. நிரலை எழுதினது ஆர் தெரியுமோ? மூண்டு இளம் பெடியள். மைன்கிராப்ட் விளையாட்டு சர்வருகளில காசு பாக்க வெளிக்கிட்டவங்கள். பிறகு நீதிமன்றம் அவங்களையே எப்.பி.ஐ.க்கு ஒத்தாசை செய்ய விட்டது. உன்னைப் போல ஆக்களின்ர புண்ணியத்தில அவங்களுக்கு உத்தியோகம்!

"இப்பவே மாத்திறன் மாமா" எண்டு போனைத் தூக்காதை, இரு. அந்த நேரம் கன கமராவில அதின்ர இணையப் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்ட்டை மாத்தினாலும், உள்ளுக்க டெல்நெட் எண்ட பின்வாசலில பழைய பாஸ்வேர்ட் அப்பிடியே கிடந்தது. வாங்கினவனுக்கு அந்த வாசல் இருக்கிறதே தெரியாது. இதைக் கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கேலாது. அதுக்குத்தான் சோதிக்கிற இயந்திரம்.

பண்டிவிரிச்சான் பக்கத்துக் காட்டுக்கரையில யானை வேலி போட்ட ஆக்களைக் கேள். போட்டவன் ஒருநாள் பாப்பான், யானை ஒவ்வொரு ராவும் பாக்கும். கட்டையை உதைக்கும், மரத்தைச் சரிச்சுக் கம்பியில போடும், கொம்பால தட்டும். அப்பிடியொரு யானையை எங்கட பக்கத்தில கட்டி வச்சு முதல்ல உதைக்க விடுறதுதான் இந்தச் சோதனை.

சாமான் கடைக்கு வர முந்தியே, அதின்ர வயித்துக்குள்ள இருக்கிற மென்பொருளை இயந்திரம் பிரிச்சுப் போடும். ஒளிச்சு வச்ச பாஸ்வேர்ட் தேடும். ஓட்டை எண்டு ஊருக்கே தெரிஞ்ச பழைய துண்டுகள் கிடக்கோ எண்டு பட்டியலோட ஒப்பிடும். பிறகு கண்டபடி குப்பையை அனுப்பிக் கொண்டேயிருக்கும், எதில விழுந்து படுக்குது எண்டு பாக்க.

இந்தக் குப்பை வித்தை ஒரு மழையால வந்தது. 1988இல விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில பார்ட்டன் மில்லர் எண்ட பேராசிரியர் இடிமழை ராவில வீட்டிலிருந்து டெலிபோன் கம்பியால கம்பியூட்டருக்குப் போனவர். கம்பியில விழுந்த இரைச்சல் எழுத்தைக் குழப்ப, நிரல்கள் ஒண்டொண்டாச் செத்தது. மற்ற ஆளெண்டா மழையைத் திட்டிப்போட்டுப் படுத்திருக்கும். அவர் அதையே மாணவருக்கு வீட்டுப்பாடமாக் குடுத்தார். சோதிச்ச யுனிக்ஸ் நிரல்களில கால்வாசிக்கு மேல விழுந்தது.

எண்டாலும் இயந்திரத்துக்கும் எல்லாம் பிடிபடாது. உன்ர கணக்கில புகுந்தவனுக்குப் பக்கத்து வீட்டுக் கிணத்தடியும் தெரியுதெண்டா, அது பிழையெண்டு சொல்ல மனுசர் வேணும்.

கிணத்தடிக் கதை எண்டு சிரிக்காதை. மன்னார்த் தீவில தம்பபவனி எண்டு 30 காத்தாடி சுத்துது பார், 2020 மார்கழியில திறந்தது. அதுமாதிரிச் சாமான் எல்லாம் தூர இருந்து பாக்கிறதுதான். 2022 பெப்ரவரி 24, உக்ரைன் சண்டை தொடங்கின நாள், வியாசாட் செய்மதி மோடங்களை ஆரோ அழிக்க, ஜேர்மன் கொம்பனி எனர்கொன்ர 5,800 காத்தாடியளோட தொடர்பு அறுந்தது. நல்லகாலம், அதுகள் தன்பாட்டில சுத்திக்கொண்டு நிண்டது.

உன்ர பெடியன் இருக்கிற நாட்டில 2024 ஏப்ரல் 29இலிருந்து, ஆரும் ஊகிக்கக்கூடிய ஒரே பாஸ்வேர்ட்டோட இப்பிடிச் சாமான் விக்கேலாது. எவ்வளவு காலம் திருத்தம் அனுப்புவம் எண்டும் விக்கிறவன் சொல்லவேணும். சட்டம் உள்ள ஊரில இருந்துகொண்டு, மலிவெண்டு உனக்கு இதை வாங்கிப் பூட்டச் சொன்னவனை எனக்கு ஒருக்காக் கோல் எடுத்துத் தா.

சோதிக்கிற ஆசையில பக்கத்து வீட்டுக் கமராவைத் தட்டிப் பாக்காதை. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் நுழையிறதைக் குற்றம் எண்டுது. உன்ரதை மட்டும் பார். மென்பொருளைப் புதுப்பி, ரவுட்டரில தேவையில்லாமத் திறந்து கிடக்கிற வழியை மூடு, பாஸ்வேர்ட்டை நீளமா வை. வீடு கட்டின வருசத்தை மட்டும் வச்சிடாதை, அதை முகப்பில பெரிசா எழுதி வச்சிருக்கிறாய்.