ஆடு தின்னுமா, மருமகனே?

மருமகனே, ஒன் கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்து சேந்துச்சு. விதைத்தாள்ல அடிச்சிருக்கியாமே! வாசிச்சு முடிச்சதும் கிழிச்சு மண்ணுல பொதைச்சுத் தண்ணி தெளிச்சா துளசி மொளைக்கும்னு அடியில எழுதியிருக்கு. ஒன் அத்தை சொன்ன பேச்சு கேக்குறவ. தொட்டியில மண்ணள்ளிப் போட்டுட்டா. நான்தான் மறிச்சேன். முகூர்த்த நேரமும் ஒன் வீட்டு விலாசமும் அதுலதான இருக்கு? துளசி மொளைச்சு வந்து வழி சொல்லுமா?

தாய்மாமன் நான். சீர் கொண்டுவாரவனுக்கு ரெண்டு வார்த்தை கூடப் பேச உரிமை உண்டு. போன்ல நீ சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டேன். வீடு முழுக்கப் பசுமை அலங்காரம், வாரவுக அத்தன பேருக்கும் இயற்கைக்கு உகந்த ரிட்டர்ன் கிஃப்ட், பிளாஸ்டிக்கே கண்ணுல படக்கூடாது. ரொம்பச் சந்தோசம். பள்ளிக்கரணையில சதுப்பு நெலத்த ஒட்டி வீட்டக் கட்டிப்புட்டு சுற்றுச்சூழலப் பத்திக் கவலப்படுததுக்கும் ஒரு பெரிய மனசு வேணும்யா. அந்தச் சதுப்பு நெலத்த 2022-ல ராம்சர்ங்கற ஒலக ஈரநெலப் பட்டியல்ல சேத்தாங்கன்னு பேப்பர்ல பாத்தேன். பறவைகளுக்கும் யாராச்சும் வாசிச்சுக் காட்டியிருப்பாக. வீடும் ரோடும் குப்பைமேடும் போக மிச்சம் இருக்கது அதுகளுக்கே பத்தல.

மாதிரிக்குன்னு நீ அனுப்பின பரிசையும் பிரிச்சுப் பாத்தோம். அட்டைப் பெட்டி. அதுக்குள்ள காத்து அடைச்ச கொப்புளம் கொப்புளமா ஒரு பிளாஸ்டிக் உறை. ஒன் தங்கச்சி மகன் அத டப்பு டப்புன்னு ஒடைச்சுக்கிட்டுத் திரியுதான். பரிசுலயே அவனுக்குப் புடிச்சது அதுதான். உள்ள ஒரு செம்புப் பாட்டில், தேங்காச் செரட்டையில ஒரு கரண்டி, மூங்கில்ல ஒரு பல் பிரஷ், பச்சை எலை படம் போட்ட ஒரு பை. பிரஷ்ஷக் கண்ணாடி போட்டுக்கிட்டு நல்லாப் பாத்தேன். புடி மூங்கில்தான், பொய்யில்ல. பல்லுல படுத முடி நைலான். வேப்பங்குச்சிக்கு முடியே கெடையாது. ஒங்க தாத்தா அதுலதான் சாகுத வரைக்கும் பல்லு வெளக்குனாரு. அதக் கடையில வச்சு விக்கத் தெரியாமப் போச்சு நமக்கு.

அடுத்தது பை. தொட்டாத் துணி மாதிரிதான் இருக்கு. ஒன் அத்தைகூட "சட்டையே தைக்கலாம் போல"ன்னா. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், சந்தேகம் வந்தாக் கொளுத்திப் பாத்துருவேன். ஓரத்துல துளியூண்டு கத்தரிச்சு தீக்குச்சியக் காட்டுனேன். பருத்தியா இருந்தா பேப்பர் எரியுத வாடை வரும், சாம்பல் உதிரும். இது சுருங்கிச்சு, உருகிச்சு, கடைசியில மெளகு மாதிரி கறுப்பா ஒரு உருண்டை நின்னுச்சு. நகத்தால நசுக்குனா நசுங்கல. பாலிபுரோப்பிலீன்னு பேராம், நெய்யாத துணின்னும் சொல்லுவாக. நெய்யாதது எப்படிய்யா துணியாகும்? தமிழ்நாட்டுல 2019 சனவரி 1-லருந்து தடை பண்ணுன 14 சாமான்ல இந்தப் பையும் ஒண்ணு. பூமியக் காப்பாத்தச் சொல்லி 300 பேருக்கு நீ குடுக்கப்போற பைக்கு கார்ப்பரேசன்காரன் அவராதம் போடலாம். மொய்யில வார பணம் அதுக்குச் சரியாப் போகும்.

"அப்ப ஒரிஜினல் பருத்திப் பையா, ஆர்கானிக்கா வாங்கிருதேன் மாமா"ன்னு நீ சொல்லுதது எனக்கு இங்கயே கேக்கு. கொஞ்சம் பொறு. டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-ல ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டுச்சு. கடையில குடுக்குத சாதாரண பிளாஸ்டிக் பைய விடப் பருத்திப் பை எல்லா வகையிலயும் தேவலன்னு ஆகணும்னா அத 7,100 தடவ தூக்கணுமாம். ஆர்கானிக் பருத்தின்னா 20,000 தடவ. பருத்திக்குத் தண்ணி வேணும், நெலம் வேணும். இயற்கை வெவசாயத்துல ஏக்கருக்கு வெளைச்சல் கொறவு, அதனால நெலம் கூடுதலாத் திங்கும். வெறும் காத்துல சேருத கரியமில வாயுவ மட்டும் பாத்தா 52 தடவ போதும், ஆர்கானிக்குக்கு 149 தடவ. மண்ணுலயும் கடல்லயும் கெடந்து மக்காத குப்பை அந்தக் கணக்குல சேரல, அதையும் சொல்லிப்புடணும். ஆனாலும் ஒன் வீட்டுச் சமையக்கட்டு அலமாரிக்கு அடியில எத்தன பருத்திப் பை மடிச்சுக் கெடக்குன்னு போய் எண்ணிப் பாத்துட்டு வா. ஒவ்வொண்ணும் எத்தன தடவ கடைக்குப் போச்சுன்னும் கேளு.

இங்க மச்சுல ஒரு மஞ்சப்பை தொங்குது. ஒங்க அம்மா கல்யாணத்துத் தாம்பூலப் பை. பொண்ணு மாப்பிள்ள பேரெல்லாம் அழிஞ்சு போச்சு, ஒங்கப்பன் பேருல கடைசி எழுத்து மட்டும் நிக்கி. ரேசன் அரிசி, கோர்ட்டுக் கட்டு, சாத்தூர் வெள்ளரிக்கா, எல்லாத்தையும் அது சொமந்திருக்கு. ஒரு காலத்துல இந்தப் பையோட மெட்ராசுல எறங்குனா பட்டிக்காட்டான்னு சிரிச்சாக. 2021 டிசம்பர்ல அரசாங்கமே "மீண்டும் மஞ்சப்பை"ன்னு திட்டம் போட்டப்ப நான் ஒருத்தன்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு கடைத்தெருவுல ரெண்டு சுத்து கூடச் சுத்துனேன், அவ்வளவுதான். ஆக, வாரவுகளுக்குப் பையே குடுக்காத. வரும்போதே பை கொண்டாங்கன்னு பத்திரிகையில ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சுது. கருமின்னு பேசுவாகன்னு பயப்படுதியா? பேசட்டும். எப்படியும் சாம்பாரு சரியில்லன்னு பேசத்தான போறாக.

குடுக்கத்தான் வேணும்னா திங்குததாக் குடு. செம்புப் பாட்டில் வாங்கிட்டுப் போறவன் முத மாசம் தண்ணி குடிப்பான். கறுத்துப்போனா புளி போட்டுத் தேய்க்கணும்னு தெரிஞ்சதும் அது ஷோகேசுல ஏறிரும். அங்கருந்து இன்னொருத்தன் வீட்டு விசேசத்துக்குப் பரிசாப் போகும். அப்படியே ஊர் சுத்தி ஒன் வீட்டுக்கே ஒருநா வரும், சந்தோசமா வாங்கி வச்சுக்கோ. நம்ம பக்கம் வெத்தலை பாக்குத் தேங்கா குடுத்தாக. ஆத்தூர் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்காக, உடன்குடிக் கருப்பட்டிக்கும் குடுத்தாச்சு. பனையோலைக் கொட்டான்ல ரெண்டு கருப்பட்டி, ஒரு தேங்கா, வெத்தலை பாக்கு. வாங்கிட்டுப் போறவன் மறுநா சட்டினி அரைச்சிருவான். கருப்பட்டி காப்பியில கரைஞ்சிரும். கொட்டான்ல கொஞ்ச நாளு பூண்டு கெடக்கும், கிழிஞ்சா வெந்நீர் அடுப்புக்குப் போகும். பனைதான் நம்ம மாநில மரம். அதுல ஏறுத ஆளுக வருசா வருசம் கொறையுதாக. ஓலை முடையுத பொம்பளைகளுக்கு நாலு காசு போகும். மூங்கில் பிரஷ் விக்கவன் ஒனக்கு மாமனா மச்சானா?

அலங்காரத்துக்கு வாரேன். ஒரு டெக்கரேட்டர் "கிரீன் தீம்"னு படம் அனுப்பியிருக்கான், நீ பெருமையா எனக்குத் தள்ளிவிட்டிருக்க. பச்சை நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரு சோதனைதான் தெரியும். நம்ம வெள்ளாட்டக் கொண்டாந்து அந்தப் பந்தல்ல விட்டா திங்குமா? ஒங்க மெட்ராசு மாடுக சினிமா போஸ்டரையும் கேரி பேக்கையும் திங்கும், அதக் கேக்கல. நம்ம ஊரு ஆட்டச் சொல்லுதேன், அது மோந்து பாத்துத்தான் வாய வைக்கும். வாசல்ல புல்லு விரிச்சிருக்கான், பிளாஸ்டிக் புல்லு. வெயில்ல நின்னா கால் பொத்துப்போகும். ஆடு மோந்துட்டுத் தும்மும். செவத்துல ஐவி கொடி, அதுவும் துணி எலை, பிளாஸ்டிக் தண்டு. மாவிலைத் தோரணம் தொங்குதேன்னு சந்தோசப்பட்டேன், பெருசாக்கிப் பாத்தா ஒவ்வொரு எலையிலயும் ஒரே எடத்துல ஒரே நரம்பு. எந்த மாமரம்யா அப்படி எலை விடும்? நெசப்பூவும் வச்சிருக்கான், இல்லங்கல. அதச் சொருகி வைக்கப் பச்சை நொரைக்கட்டி ஒண்ணு அடியில இருக்கும் பாரு, அது மக்கவே மக்காது, பொடிஞ்சு பொடிஞ்சு மண்ணுல கலந்துரும். அதுக்கு மேல ஒன் பேரும் ஒன் பொஞ்சாதி பேரும் தெர்மோகோல்ல வெட்டி வச்சு மினுக்குப் பொடி தூவியிருக்கான். அலங்காரத்துக்குத் தெர்மோகோல் கூடாதுன்னு 2022 சூலை 1-லருந்து நாடு முழுக்கத் தடை. ஆடு திங்காது, அரசாங்கமும் விடாது.

வாசல்ல ரெண்டு வாழைமரம், குருத்தோலைத் தோரணம், மாவிலை, அரிசி மாவுல கோலம். மறுநா காலையில வாழையும் மாவிலையும் ஆட்டுக்கு, வாழைத்தண்டு ஒன் பொஞ்சாதிக்குப் பொரியலுக்கு, கோலம் எறும்புக்கு. டெக்கரேட்டர் லாரி கொண்டாந்து ஏத்த வேண்டிய சோலியே இல்ல. தென்சென்னைக் குப்பை பல வருசமாப் போய்ச் சேந்தது எங்கன்னு ஒனக்குத் தெரியும்லா? பெருங்குடி. ஒன் மாடியில ஏறி நின்னாத் தெரியுத அதே சதுப்பு நெலத்துலதான்.

அப்புறம் அந்தச் செடிக. ரூமுக்கு ஒரு ஸ்நேக் பிளான்ட் வச்சா காத்து சுத்தமாகும், நாசாவே சொல்லிருச்சுன்னு சொன்ன. நாசா 1989-ல சோதிச்சது நெசம். காத்துப் புகாத சின்னப் பெட்டிக்குள்ள செடிய வச்சுச் சோதிச்சாக. ஒன் வீடு என்ன பெட்டியா? 2019-ல அமெரிக்காவுல டிரெக்சல் பல்கலைக்கழகத்து ஆளுக பழைய ஆராய்ச்சியெல்லாம் தொகுத்துக் கணக்குப் பாத்தாக. சன்னல் வழியாக் காத்து சாதாரணமா வந்து போற அளவுக்குச் செடிக ஈடு குடுக்கணும்னா ஒரு சதுர மீட்டருக்குப் பத்துலருந்து ஆயிரம் செடி வரைக்கும் வேணும்னு வந்துச்சு. அத்தனையும் வச்சுட்டா நீங்க புருசனும் பொஞ்சாதியும் வராந்தாவுல படுக்கணும். செடி அழகுக்கு வையி, வேண்டாங்கல. காத்துக்குச் சன்னலத் தொற. ஏசி போட்டுக்கிட்டு சன்னல அடைச்சுப்புட்டு, மூலையில செடிய நிறுத்தி "நீ பாத்துக்கோ"ன்னா அது என்ன செய்யும் பாவம்.

ஹாலுக்குப் பழைய காலத்து மரப்பெஞ்சு ஒண்ணு காரைக்குடியிலருந்து எறக்கியிருக்கியாம். வெலையச் சொன்னப்ப ஒன் அத்தை ஒக்காந்துட்டா. ஒங்க தாத்தா திண்ணையில கெடந்த தேக்குப் பெஞ்ச நாலு வருசம் முன்னால "எடத்த அடைக்கு மாமா"ன்னு பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டது யாரு? நான் பேரு சொல்ல மாட்டேன். அவருக்குப் புதுவீடு, நல்ல நேரத்துல மனசு நோகக் கூடாது. ஆட்டுக்கல்லு மட்டும் இங்கதான் கெடக்கு. அதுல பூச்செடி வைக்கப் போறன்னு கேள்விப்பட்டேன். அதுக்குன்னா தரமாட்டேன், மாவு ஆட்டுததுன்னாச் சொல்லு, அனுப்புதேன்.

கீழ விரிக்கதுக்கு என்ன வாங்கியிருக்க? "ஸ்காண்டிநேவியன் ரக்"காம். பாலியெஸ்டரு. ஏலே, பத்தமடை நமக்கு எட்டுத தூரத்துல இருக்கு. தாமிரபரணிக் கரையில அறுத்த கோரைய ஓடுத தண்ணியில ஊறப்போட்டு, நகக்கண்ணு கணக்கா நைசாக் கிழிச்சு, பருத்திப் பாவுல ஒவ்வொண்ணாக் கோத்து நெய்யுதாக. பெரும்பாலும் முஸ்லிம் பொம்பளைகதான். நைஸ் பாய் ஒண்ணு முடிய வாரக்கணக்காகும். நல்லா நெய்ஞ்ச பாய மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிடலாம்னு சொல்லுவாக. அம்புட்டு நைசு ஒனக்குக் கட்டுப்படியாகாது, சாதாப் பாயே வாங்கு. வெயில் காலத்துல அதுல படுத்து எந்திரிச்சவன் மெத்தையத் திரும்பிப் பாக்கமாட்டான். பிளாஸ்டிக் பாய் வந்து அவுக பொழப்புல மண்ணப் போட்டுச்சு. நீ ரெண்டு பாய் வாங்கினா டென்மார்க்காரன் கணக்கு கேக்க வரமாட்டான். கூசாவுக்கும் பூந்தொட்டிக்கும் பத்தமடையிலருந்து ஒரு நட நடந்தா காருகுறிச்சி.

கண்ணுக்குத் தெரியுத பச்சைய இதோட விடுதேன். தெரியாதது ஒண்ணு இருக்கு. பழைய ஃபேன் 75 வாட்டுத் திங்கும், இப்ப வார பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுல சுத்தும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடிச்சா கீழ ரூமு சூடு கொறையும். இதயெல்லாம் போட்டோ புடிச்சுப் போட முடியாது, அதான் ஒருத்தனும் செய்ய மாட்டேங்கான்.

கடைசியா ஒண்ணு. பூச்சு வேலை நடந்தப்ப ஒன் வீட்டுப் பக்கம் வந்தேன்லா? செவத்துல ஒரு பிவிசி குழாய் மாடியிலருந்து அம்சமா எறங்கி வந்துச்சு. மழைநீர் சேகரிப்புன்ன. குனிஞ்சு பாத்தேன். கீழ குழியும் இல்ல, கூழாங்கல்லும் இல்ல. குழாய் நேரா தெருச் சாக்கடையில போய்ச் சேருது. 2003-ல கட்டாயமாக்குன சட்டத்துக்கு நம்மாளுக செலுத்துத மரியாத அது, குழாய் கண்ணுல பட்டா போதும். சென்னைக்கு வருசத்துக்கு 1,400 மில்லி மீட்டர் கிட்ட மழை. ஒன் மாடி 1,000 சதுர அடி. ஆவியானது, வழிஞ்சது போகவும் ஒரு லட்சம் லிட்டர் தேறும், 12,000 லிட்டர் லாரியில எட்டு லோடு. 2019 கோடையில ஏரியெல்லாம் வத்தி, ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தாகளே, அப்ப நீ கொடத்தத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்ன படத்த எனக்கு அனுப்புன. இன்னும் போன்ல வச்சிருக்கேன்.

முகூர்த்தத்துக்கு மொத நாளே வந்துருவேன். வந்ததும் பந்தலுக்குள்ள வரமாட்டேன். செருப்பக் கழட்டிட்டு நேரா மொட்டை மாடிக்கு ஏறி ரெண்டு கொடம் தண்ணிய ஊத்திட்டுக் கீழ எறங்கிப் பாப்பேன். குழிக்குள்ள எறங்குச்சுன்னா சீர்த்தட்டு உள்ள வரும். தெருவுக்குப் போச்சுன்னா சீரு அதே பஸ்சுல ஊருக்குத் திரும்பிரும். கொத்தனாருக்கு இன்னைக்கே போனப் போடு.