கேட்டது நீங்கள், மாட்டியது நான்

(விந்தணுவைப் பற்றிய கேள்விகள் மேஜையில் மலையாகக் குவிந்துவிட்டதால் இந்த வாரம் முழுக்க அதுவே. கூச்சப்படுகிறவர்கள் அடுத்த பக்கத்து ராசி பலனுக்குத் தாவலாம்.)

கே.எம்., பொள்ளாச்சி: விந்தணுவை முதன்முதலில் பார்த்த புண்ணியவான் யார்?

ஹாலந்தில், டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக். வருடம் 1677. ஒரு மாணவர் யாரோ நோயாளியின் விந்தைக் கொண்டுவந்து காட்ட, லென்ஸுக்கு அடியில் வாலாட்டிக்கொண்டு ஏதோ ஓடியது. நோயால் வந்த பூச்சியோ என்று சந்தேகம். தீர்த்துக்கொள்ள ஆரோக்கியமான சாம்பிள் வேண்டுமே? தன்னுடையதையே வைத்துப் பார்த்துவிட்டார். லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் மனிதருக்கு உதறல். பாவகாரியம் எதுவும் செய்து எடுத்ததல்ல, மனைவியோடு முறைப்படி இருந்தபின் மிஞ்சியது என்று ஒரு விளக்கம். அறிஞர்களுக்கு அருவருப்பாக இருக்குமென்றால் தங்களோடு வைத்துக்கொள்ளவும் என்று ஒரு வேண்டுகோள். சம்சாரத்தைச் சாட்சிக்கு இழுத்த விஞ்ஞானக் கடிதம் வேறு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

எஸ்.வி., ஆம்பூர்: விந்தணு உருவாக எத்தனை நாள்?

மனிதனுக்குச் சுமார் 74. சுண்டெலிக்கு 35. 'ஏழே நாளில் பலன்' என்று நள்ளிரவு டி.வி.யில் லேகியம் விற்கும் லாட்ஜ் வைத்தியருக்கு எந்தப் பிராணியைப் பற்றிய ஞாபகமோ!

பி.ஆர்., தேனி: ஆண்மைக்கு ஆதாரம் ஒய் குரோமோசோம். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே வருவது. அப்படியென்றால் எங்கள் வம்சத்து வீரியம் முழுக்க முழுக்க ஆண்வழிச் சொத்துதானே?

மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படியுங்கள். கரு ஆணாகத் திரும்புவதற்கு ஒய்யில் உள்ள எஸ்.ஆர்.ஒய் என்ற ஜீன் சுவிட்சைப் போடுகிறது. 1990-இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். மறுவருடமே அதை ஒரு பெண் எலிக் கருவில் செலுத்தினார்கள். எலி ஆணாகவே பிறந்தது, ஆணாகவே நடந்துகொண்டது. ஆனால் விந்தணு? ஒன்றுகூட இல்லை. ஆளாக்குவது வேறு, அணுவாக்குவது வேறு.

சரி, அணுவாக்கும் ஜீன்கள் எங்கே இருக்கின்றன? அமெரிக்காவில் டேவிட் பேஜ் குழுவினர், விந்தணுவுக்கு மூலமான செல்களில் மட்டும் வேலை செய்யும் ஜீன்களை எலியில் தேடி 2001-இல் பட்டியல் போட்டார்கள். கிடைத்தவை 25. அதில் ஒய்யில் இருந்தவை மூன்று. எக்ஸில் பத்து! மகனுக்கு எக்ஸ் யாரிடமிருந்து வருகிறது? அம்மாவிடமிருந்து. அம்மாவின் அப்பாவிடமிருந்துகூட வந்திருக்கலாம். உங்கள் வம்ச வீரியத்தில் கணிசமான பங்கு பெண் வீட்டுச் சீதனம், ஐயா.

இன்னும் கேளுங்கள். ஹவாயில் மோனிகா வார்டின் ஆய்வுக்கூடத்தில் 2016-இல் ஒய் குரோமோசோமே இல்லாத ஆண் எலிகளை உருவாக்கினார்கள். ஒய்யின் இரண்டு ஜீன்கள் பார்க்கும் வேலையை வேறு குரோமோசோம்களில் உள்ள இரண்டு ஜீன்களிடம் கொடுத்துவிட்டார்கள். வால் முளைக்காத அரைகுறை விந்து செல்கள் கிடைத்தன. அவற்றை எடுத்துக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்த, குட்டி பிறந்தது. ஜப்பானின் அமாமி தீவில் முள்மயிர் எலி ஒன்று, ஆய்வுக்கூடம் எதற்கும் போகாமலே ஒய்யைத் தொலைத்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறது. அங்கே வம்சப் பெருமை பேச ஆளில்லை என்று நினைக்கிறேன்.

டி.ஜே., நாசரேத்: விந்தணுவின் ஜீன் ஒன்றுக்குக் கோயில் பெயராமே, நிஜமா?

நிஜம். ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஒகாபேயின் குழு 2005-இல் விந்தணுவின் தலையில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. அது இல்லாத விந்தணு நன்றாக நீந்தும், முட்டையைத் தேடிப் போய்ச் சேரும், உள்ளேயும் நுழையப் பார்க்கும், ஆனால் முட்டையோடு ஒன்றாகக் கலக்கத் தெரியாமல் வாசலிலேயே நிற்கும். கல்யாண வரம் தரும் இசுமோ கோயிலின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஒன்பது வருடம் கழித்து, முட்டையின் மேல் அந்த இசுமோவைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். ரோமானியர்களின் கல்யாண தேவதை ஜூனோவின் பெயரை வைத்துச் சம்பந்தத்தை முடித்துவிட்டார்கள். இங்கே கண்டுபிடித்திருந்தால் திருமணஞ்சேரி என்று வைத்திருப்போமா? ஏதாவது தலைவர் பெயரை வைத்துவிட்டு, எந்தத் தலைவர் என்று அடித்துக்கொண்டிருப்போம்.

பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்: ஐயா, கல்யாணமாகி ஆறு வருடம். எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். கணவர் டெஸ்டுக்கு வர மாட்டேன் என்கிறார். மாமியார் என்னைத்தான் பேசுகிறார். என்ன செய்ய?

அம்மா, இதில் விளையாட்டுக்கு இடமில்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எல்லாவற்றிலும் சுலபமானது, செலவும் குறைவு. ஊசி இல்லை, கத்தி இல்லை. முதலில் எடுத்திருக்க வேண்டியது அதுதான். எண்ணிக்கை குறைவாக வந்தால் சில வாரம் விட்டு மறுபடி எடுப்பார்கள். அணுவே இல்லையென்றால் ஹார்மோன், குரோமோசோம், ஒய்யில் துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். ஒய்யில் 'ஏ.இசட்.எஃப்' என்ற பகுதி உண்டு. அதில் 'சி' என்ற துண்டு மட்டும் போயிருந்தால் விரையிலிருந்து அணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' முறைக்கு நல்ல வாய்ப்பிருக்கிறது. பிறக்கிற மகனுக்கும் அதே குறை போகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 'ஏ'யோ 'பி'யோ முழுதாகப் போயிருந்தால் அறுவை செய்து தேடுவது வீண். அதைச் சொல்லாமல் பணம் கறக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸில் உள்ள டெக்ஸ்-11 ஜீன் பழுதானாலும் அணு உருவாகாது. அது தாயிடமிருந்து மகனுக்கு வருவது. இதை உங்கள் மாமியாரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் வந்ததுதான். யார் மீதும் பழி கிடையாது. உங்கள் கணவர் மதிக்கும் மனிதர் ஒருவர், மாமாவோ நண்பரோ, தனியாக அழைத்துப் பேசட்டும். லாட்ஜ் வைத்தியர் பக்கம் மட்டும் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஆர்.எல்., ஓசூர்: விரையில் வேலை செய்யும் ஜீன் எல்லாமே விந்தணுவுக்கு அவசியமானவைதானே?

அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள். 2016-இல் ஜப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து, விரையிலேயே பெரும்பாலும் இயங்கும் 54 ஜீன்களை, எலிகளில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். 54 வகை எலிகளும் ஜாம்ஜாமென்று குட்டி போட வைத்தன. காலையில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் இல்லாத ஆபீஸ் ஏது? ஆனால் கூண்டுக்குள் போட்டிக்கு இன்னொரு ஆண் எலி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியில் விட்டால் அந்த 54-இல் எத்தனை பேருக்குத் திடீரென்று மவுசு வருமோ!

ஜி.எஸ்., குரோம்பேட்டை: ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரை வருமா?

விந்தணுவின் வாலில் கேட்ஸ்பர் என்றொரு கால்சியக் கதவு இருக்கிறது. 2001-இல் கண்டுபிடித்தது. அதை அடைத்தால் கடைசி நேரப் பாய்ச்சல் கிடையாது. மாத்திரைக்காரர்கள் அதைக் குறிவைத்து அலைகிறார்கள். வந்தாலும், தினமும் ஞாபகப்படுத்தி விழுங்க வைக்கப்போவது மனைவிதான்.

என்.டி., உடுமலைப்பேட்டை: ஆண் யானைக்கு விரை வெளியே தெரிவதில்லையே?

வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. எட்டிப் பார்த்தீர்களா?

எம்.ஏ., கம்பம்: கோவேறு கழுதைக்கு ஏன் வாரிசு இல்லை?

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. பிள்ளைக்கு 63. விந்தணுவாகப் பிரியும் நேரத்தில் ஜோடி சேராமல் தகராறு, உற்பத்தி பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒய் மட்டும் முழுசாகவே இருக்கிறது, தேனிக்காரரிடம் சொல்லுங்கள்.