முதலில் வந்தது சத்தம்

சூளையில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டால், தெற்குக் காற்று வீசுகிற இரவுகளில் சிங்கம் உறுமுவது கேட்கும். என் மகள் இதை நம்புவதில்லை. 1985 வரை சென்னையின் மிருகக்காட்சி சாலை வண்டலூரில் இல்லை, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட்டை ஒட்டித்தான் இருந்தது என்று சொன்னாலும், "சிட்டிக்கு நடுவுல சிங்கமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அதற்கு உயிர் காலேஜ் என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்றும் எங்கள் ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். பாயை உதறிப் போட்டுப் படுக்கும் நேரத்தில் உயிர் காலேஜிலிருந்து அந்தச் சத்தம் வரும். அம்மா "தூங்கு, அது கூண்டுக்குள்ளதான் இருக்கு" என்பாள். இந்த ஊரை நான் முதலில் காதால்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் காலால்.

காலால் காட்டிக் கொடுத்தவர் சித்தப்பா. மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலை. ஈய எழுத்து கோத்துக் கோத்துக் கறுத்துப்போன விரல்நுனிகள், டயர் செருப்பு, தோளில் தொங்கும் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். அந்த உறையில் ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் மட்டும் ஊசியால் குத்தினாற்போல் வரிசையாகத் துளைகள் இருக்கும். துளைகளுக்குள் சேர்ந்த தூசியைக் குண்டூசியால் எடுத்துத் தருவது என் வேலை. பஸ்ஸில் போகிற காசுக்குப் பட்டாணி வாங்கலாம் என்பது அவர் கணக்கு. ஆகவே சூளையிலிருந்து எங்கே போவதானாலும் நடைதான், வழியெல்லாம் பட்டாணிதான், வழியில் எது வந்தாலும் அதற்கு ஒரு கதைதான்.

பெரியமேட்டைத் தாண்டியதும் முதலில் வருவது நேரு ஸ்டேடியம். சித்தப்பாவுக்குக் கடைசிவரை அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் மேட்ச்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்து வந்தபோது சித்தப்பாவுக்குப் பதினைந்து வயது. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் ஆட இறங்கினார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. மறுநாள் பிரிந்தபோது 413 ரன். டெஸ்ட் மேட்சில் முதல் விக்கெட்டுக்கு அதுவரை அவ்வளவு யாரும் சேர்த்ததில்லை. மதில் பக்கம் வரும்போதெல்லாம் சித்தப்பா நடையைக் கொஞ்சம் தளர்த்தி, "நானூத்திப் பதிமூணு" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே நடப்பார், கோயில் வாசலைக் கடக்கிறவர் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல. உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு நடமாடிய பெரியவர் ஒருவர் இருந்திருப்பார்.

பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு 1993-ல் இப்போதிருக்கும் ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். ஓடுதளம், கால்பந்து, உயர்ந்த விளக்குகள் என்று எல்லாம் வந்தன. அந்த 413 மட்டும் அசையவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் நின்று, 2008-ல் தென்னாப்பிரிக்காவின் மெக்கன்ஸியும் ஸ்மித்தும் வங்கதேசத்துக்கு எதிராக 415 எடுத்தபோதுதான் போனது. அன்று சித்தப்பா எனக்கு போன் செய்தார். "ரெண்டே ரன்னுடா" என்றார். அதற்குமேல் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் போய்விட்ட செய்தியைச் சொல்லிவிட்டு நிற்பதுபோல நின்றார். நானும் நின்றேன். போன மாதம் அந்த வாசலில் இருந்த காவலாளிப் பையனிடம் இங்கே டெஸ்ட் மேட்ச் நடந்தது தெரியுமா என்று கேட்டேன். "இங்க புட்பால்தான் சார். கிரிக்கெட்னா சேப்பாக்கம் போங்க" என்று எனக்கு வழி சொன்னான்.

ஸ்டேடியத்துக்கு அடுத்து மூர் மார்க்கெட். அங்கே பழைய புத்தகக் கடைகளில் ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் பத்திரிகையின் பழைய இதழ்கள் கிடைக்கும். சித்தப்பா உள்ளே இருக்கும் செய்தியைப் படிப்பதற்கு முன் அச்சைப் பார்ப்பார். எழுத்து எங்கே இழுத்திருக்கிறது, எங்கே மை அப்பியிருக்கிறது என்று சொல்வார். கடைக்காரர் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, நாலடி நடந்து, அவர் கூப்பிட்டதும் திரும்பி வருவார். அந்த நாலடியில் கூப்பிடுவார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். 1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். தீயணைப்பு வண்டிகள் அடித்த தண்ணீரில் கருகிய தாள்கள் மிதந்தன. சித்தப்பா குனிந்து ஒரு தாளை எடுத்தார். ஓரங்கள் கருகியிருந்தன, நடுவில் நாலு வரி அப்படியே இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்ன படித்தார் என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். கடைகள் பிற்பாடு அல்லிக்குளத்துக்குப் போயின. மார்க்கெட் நின்ற இடத்தில் ரயில்வேயின் முன்பதிவுக் கட்டடமும் புறநகர் நிலையமும் வந்தன. அதே வருடம் சிங்கமும் வண்டலூருக்குப் போய்விட்டது. மொட்டை மாடியில் அதற்கப்புறம் கேட்டதெல்லாம் ரயில் சத்தம்தான்.

ரிப்பன் மாளிகையையும் சென்ட்ரலையும் கடந்து, கோட்டைப் பக்கமாகச் சுற்றி, தீவுத்திடல் ஓரமாக வந்தால் மன்றோ சிலை. சேணம் இல்லாத, அங்கவடி இல்லாத குதிரைமேல் 1839-லிருந்து உட்கார்ந்திருக்கிறார் தாமஸ் மன்றோ. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லும். "மறந்திருக்க மாட்டான்டா. அவ்வளவு பெரிய குதிரைய செஞ்சவன், சேணத்தையா மறப்பான்?" என்பார் சித்தப்பா. கைவேலைக்காரனை விட்டுக்கொடுக்காத இன்னொரு கைவேலைக்காரரின் பேச்சு அது என்று இப்போது புரிகிறது. அங்கிருந்து கூவத்தைத் தாண்டி மவுண்ட் ரோடு, அண்ணா சிலை, வாலாஜா சாலை. வாலாஜா சாலையில் திரும்பியதும் முகத்தில் கடல்காற்று படும். காற்றோடு சத்தம் வரும்.

சேப்பாக்கத்தின் சத்தத்தைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பவுண்டரி என்றால் சத்தம் படிப்படியாக ஏறி, பந்து கோட்டைத் தொடும்போது உடையும். எதிரணி விக்கெட் விழுந்தால் ஏறுவதே தெரியாது, ஒரேயடியாக வெடிக்கும். நம் ஆள் அவுட் என்றால் சத்தமே இல்லை. நாற்பதாயிரம் பேர் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு 'ச்ச'. மதிலுக்கு வெளியே நின்று இதை நாங்கள் சொல்லிவிடுவோம், டிரான்சிஸ்டரில் வர்ணனையாளர் வாய் திறப்பதற்குள்.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. எனக்கு ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை; மத்தியானத்தோடு முடிந்தது. ஐந்தாவது நாள் ஆட்டம் சப்பென்று போகும் என்று நினைத்து டிக்கெட் வாங்காமல் இருந்துவிட்டோம். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ், சென்னை வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து மருத்துவமனைக்குப் போன மேட்ச் அது. கடைசி நாள் இந்தியாவுக்கு 348 ரன் தேவை. மாலை நெருங்க நெருங்க, டிராவுக்குத் தயாராக இருந்த ஊர் ஜெயிப்புக்குத் தயாரானது. அச்சகத்திலிருந்து சித்தப்பா நேரே அண்ணா சிலைக்கு வந்தார், கையைக்கூடக் கழுவவில்லை. ஓட்டமும் நடையுமாக வாலாஜா சாலை, அங்கிருந்து பெல்ஸ் ரோடு. டீக்கடை வாசலில் முப்பது பேர். சித்தப்பாவின் டிரான்சிஸ்டரைச் சுற்றி இன்னும் முப்பது.

கடைசி ஓவர். ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். மதிலுக்குள்ளிருந்து எழுந்த சத்தத்தில் டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் அதிர்ந்தன என்றால் மிகையில்லை. மூன்று பந்து, ஒரு விக்கெட், ஒரே ஒரு ரன். மனிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்தில் ஒரு சத்தம் வந்தது. அதை எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. 'ஓ' என்று தொடங்கி, பாதியில் கையால் வாயைப் பொத்தினாற்போல் நின்றுவிட்டது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். தோல் உறையின் துளைகளிலிருந்து கிரெக் மாத்யூஸின் பெயரும் எல்.பி.டபிள்யூ. என்பதும் வெளியே வந்தன.

"யாருங்க ஜெயிச்சது?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"யாரும் ஜெயிக்கலங்க. யாரும் தோக்கவும் இல்ல."

"அப்ப டிராவா?"

"டிரா இல்லைங்க. டை."

டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான், 1960-ல் பிரிஸ்பேனில், அப்படி நடந்திருந்தது. இரண்டு இன்னிங்ஸையும் கூட்டினால் இரண்டு பக்கமும் 744. டிராவுக்கும் டைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சித்தப்பா அந்த டீக்கடையில் ஒருமுறை, அண்ணா சிலை பஸ் ஸ்டாப்பில் ஒருமுறை, மன்றோ சிலை எதிரே செருப்பில் ஏறிய ஆணியைப் பிடுங்கிக்கொண்டே வழிப்போக்கர் ஒருவருக்கு ஒருமுறை என்று விளக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வதுபோலச் சொன்னார். வீடு வந்து சேர ஒன்பதரை மணி ஆகிவிட்டது. நாங்கள் மட்டும் நடக்கவில்லை. ஆட்டம் முடிந்த கூட்டம் முழுவதும் நடந்தது. தெரியாத மனிதர்கள் ஒருவரையொருவர் தோளைத் தொட்டு நிறுத்திப் பேசிக்கொண்டார்கள். மேட்ச் என்பது மைதானத்தில் நடந்தது பாதி, திரும்பி நடக்கும்போது நடந்தது மீதி. எனக்கு இன்று அதிகம் நினைவிருப்பது அந்த மீதிதான்.

1999 ஜனவரி 31 அன்று நாங்கள் உள்ளே இருந்தோம். வாலாஜா சாலை நடைபாதையில் ராத்திரி முழுக்க வரிசையில் படுத்துக் கிடந்து வாங்கிய டிக்கெட். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்ததும், வெற்றிக்குப் பதினேழு ரன் இருக்கும்போது அவர் ஆட்டமிழந்ததும், மிச்ச மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் சரிந்து பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்ததும் எல்லோரும் அறிந்ததே. அதற்கப்புறம் வந்த மௌனத்தையும், அந்த மௌனத்துக்குள்ளிருந்து யாரோ ஒருவர் கை தட்ட, பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று தட்ட, ஸ்டேடியமே எழுந்து நின்றதையும், பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டதையும் பார்த்த கண்கள் என்னுடையவை. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். திரும்பும்போது சென்ட்ரல் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரிப்பன் மாளிகை மணிக்கூண்டைப் பார்த்ததும், "நல்லா ஆடினான்டா பையன்" என்றார்.

"எந்தப் பையன் சித்தப்பா?"

"ரெண்டு பேரும்தான்."

இன்னொருவர், அந்த மேட்சில் பத்து விக்கெட் எடுத்த சக்லைன் முஷ்டாக்.

நடை பிற்பாடு குறைந்தது. 2007-ல் எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியத்தில் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 7-2 என்று வென்றபோதுதான் அவரோடு கடைசியாக நடந்து போனேன்; வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து போனோம். சென்ட்ரலுக்கு மெட்ரோ 2018-ல் வந்தது. அதற்கு நாலு வருடம் முன்பே அவர் போய்விட்டார். அவர் முழங்காலுக்கு அந்த ரயில் வேண்டியிருந்தது. இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ மேட்ச் பார்த்திருப்பார். இப்போது சென்ட்ரலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். மன்றோவும் கூவமும் தீவுத்திடலும் தலைக்குமேலே எங்கேயோ இருக்க, ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் மவுண்ட் ரோடு வந்துவிடுகிறது. ஐ.பி.எல். டிக்கெட் வைத்திருப்பவர்களை இலவசமாகக்கூட ஏற்றிப் போயிருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் மஞ்சள் சட்டை போட்ட பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு அக்கா ஞாபகம் வருகிறது. அவளும் கிரிக்கெட் பைத்தியம்தான். என்னைக் கூட்டிக்கொண்டு அத்தனை நடை நடந்த சித்தப்பா அவளை ஒருநாள்கூடக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போகச் சொல்லி நானும் கேட்கவில்லை. அந்த நாட்கள் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படும்போதெல்லாம் இது வந்து தடுக்கிறது.

போன சீசனில் மகளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. போனில் விற்பனை திறந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. முகம் வாடி உட்கார்ந்திருந்தவளை, "வா, சும்மா போய் வெளியே நிப்போம்" என்று அழைத்தேன். மெட்ரோ வேண்டாம் என்றேன். பெரியமேடு, நேரு ஸ்டேடியம், சென்ட்ரல், மன்றோ சிலை. ஸ்டேடியம் மதில் பக்கம் வந்ததும் என் நடை தானாகத் தளர்ந்தது. "என்னப்பா?" என்றாள். "நானூத்திப் பதிமூணு" என்றேன். அந்தக் கதை முடியும்போது அண்ணா சிலை வந்திருந்தது.

வாலாஜா சாலையில் கடல்காற்று வந்தது. கூரையின் வெள்ளை விரிப்புகளுக்கு மேலே விளக்கு வெளிச்சம் புகைபோல நின்றது. மதிலோரம் டிக்கெட் கிடைக்காதவர்கள் நிறையப் பேர், எல்லோர் கையிலும் போன். மகளும் போனில் மேட்சைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திரையில் பந்துவீச்சாளர் நடந்து தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து சத்தம் வெடித்தது. அவள் திடுக்கிட்டு மதிலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். திரையில் அவர் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"விக்கெட்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஏறவே இல்ல பாரு சத்தம். ஒரேயடியா வெடிச்சுது."

அரை நிமிடம் கழித்துத் திரையில் ஸ்டம்ப் பறந்தது. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மதில் பக்கம் காதைத் திருப்பினாள். "அடுத்தது நான் சொல்றேன்" என்றாள்.