ஒன்றரை மீட்டர் நாட்டில் கிரிவலம்

எங்கள் கீழ்பென்னாத்தூரில் யாரிடம் வழி கேட்டாலும் பதிலில் மலை வந்துவிடும். "மலையப் பார்த்த மாதிரியே போங்க", "மலைக்கு முதுகக் காட்டி நின்னா செஞ்சி ரோடு" என்பார்கள். திருவண்ணாமலை எங்களுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கார்த்திகை தீபம் பார்க்க அங்கே போய் நெரிபட வேண்டியதில்லை. மொட்டைமாடி ஏறினால் போதும். 2,668 அடி மலையைப் பார்த்தே வளர்ந்த நான், குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தது சராசரியாகக் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டரே உயரமுள்ள மாலத்தீவுக்கு. நான் எழுந்து நின்றால் அந்த நாட்டைவிட உயரம். வேலை, கணக்கு வாத்தியார்.

செய்தி தெருவில் பரவியதும் முதல் சந்தேகம் எதிர்வீட்டுப் பெரியவருக்கு வந்தது. "சினிமாக்காரங்க தேனிலவுக்குப் போற ஊராச்சே, அங்க பள்ளிக்கூடம் வேற இருக்குதா?" தேனிலவுத் தீவுகள் தனி, ஜனங்கள் வாழும் தீவுகள் தனி என்று விளக்கினேன். மொத்தம் சுமார் 1,200 தீவுகள்; ஏறக்குறைய 200-இல்தான் மக்கள். அங்குள்ள பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். சொல்லிக்கொடுக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் பல காலமாகப் போய்வருகிறார்கள்.

"சம்பளம் எதுல?"

"ரூஃபியா."

"ரூபாய்க்கு எதுக்குப்பா வெளிநாடு?"

ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா, ஆகவே ஒரு ரூஃபியா நம் பணத்தில் ஐந்து ரூபாய்க்கு மேல் என்று வாசற்படியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சமாதானமாகவில்லை. நானாவது தேறினேன்: ரூபாய்க்கும் ரூஃபியாவுக்கும் நடுவில் இருப்பது ஓர் ஆய்த எழுத்து. அதன் விலை நாலு ரூபாய்க்குக் குறையாது. ஆய்த எழுத்தால் யாருக்கும் பிரயோசனமில்லை என்று பள்ளியில் நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூட்டை கட்டும் படலம். புளி, பெருங்காயம், பருப்புப்பொடி, குக்கருக்கு உபரியாக மூன்று ரப்பர், தோலுரித்த மல்லாட்டை ஐந்து கிலோ. மல்லாட்டையை நிலக்கடலை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா பித்தளை அண்ணாமலையார் ஒன்றைப் புடவைக்குள் சுற்றி வைத்தார். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை என்று எடுத்து வெளியே வைத்தேன்.

"சாமி இல்லாம எப்படிடா கொழந்தய கூட்டிக்கினு போவ?"

"மலையேதாம்மா சாமி. அத சூட்கேசுல வெக்க முடியுமா?"

சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். அம்மா என் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அது என்னவென்று பிறகு தெரிந்தது.

விமானம் சுகம். அதன்பின் வந்த வேகப்படகில் மனைவி கண்ணை மூடியவள், தீவு வரும்வரை திறக்கவில்லை. நாலு வயது மகள் மட்டும் ஒவ்வொரு அலைக்கும் "இன்னொரு தபா" என்றாள். படகுத்துறையில் வரவேற்க வந்தவர், "உங்கள் வீடு கொஞ்சம் தூரம், தீவின் அந்தக் கோடி" என்று வருத்தப்பட்டார். ஆட்டோ தேடினேன். நடந்தோம், எட்டு நிமிடம்.

வகுப்பில் பதினோரு பேர். ஊரில் தனியார் பள்ளியில் அறுபது பேருக்கு வருகைப்பதிவு எடுப்பதற்குள் பாதி வகுப்பு நேரம் போய்விடும். அந்தப் பாதியை நம்பித்தான் பாடத்திட்டமே போட்டிருந்தேன். இங்கே பதிவு அரை நிமிடத்தில் முடிந்தது. மீதி நேரத்துக்குப் பாடம் நடத்த வேண்டிய நிலை.

முதல் கணக்கே கவிழ்த்துவிட்டது. "120 மீட்டர் நீள ரயில் ஒன்று நடைமேடையைக் கடக்கிறது…" ஒரு பையன் கை தூக்கினான். "சார், ரயில் நின்றுதானே ஆள் ஏற்றும்? ஏன் கடக்கிறது?" நாட்டில் ரயில் கிடையாது. ஆறு கிடையாது, ஆகவே நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகுக் கணக்கும் போயிற்று. கடைசியில் மலை: "குன்றின் உச்சியிலிருந்து பார்க்கும்போது இறக்கக் கோணம் 30 டிகிரி…" அவர்கள் பார்த்த குன்று, கட்டடம் கட்டக் கொட்டிய மணல்தான். பலகையில் அண்ணாமலையை வரைந்து, இதன் உச்சியில் கொப்பரை வைத்து, 3,500 கிலோ நெய் ஊற்றித் தீபம் ஏற்றுவோம் என்றேன். இறக்கக் கோணத்தை எல்லாரும் மறந்தார்கள். "அவ்வளவு நெய்யை யார் சார் தூக்கிக்கொண்டு ஏறுவது?" என்பதில் அந்த வகுப்பு முடிந்தது. மறுநாள் ரயிலைத் தோணியாக்கினேன், நடைமேடையைப் படகுத்துறையாக்கினேன்; பதினோரு பேரும் சரியாகப் போட்டார்கள்.

அவர்கள் மொழியிலும் அது தோணிதான். திவேஹி வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ஓர் எழுத்தும் நமக்குப் புரியாது. ஆனால் காதில் திடீர் திடீரென்று உறவினர்கள் வந்து நிற்பார்கள். முருங்கை அங்கே முரங்கா. பக்கத்து வீட்டுக் கொல்லையில் அந்த மரத்தைப் பார்த்த அன்று என் மனைவி அடைந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. ஊர்க் கடையில் மாசி என்று விற்கும் கருவாடு இங்கேயும் உண்டு. கடற்கரையில் இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய நாற்காலிகள் வரிசையாக இருக்கும். அதில் மாலை முழுதும் சாய்ந்து கிடந்து பேசுவார்கள். அதற்குப் பெயர் ஜோலி. "உங்களுக்கு ஜோலி இல்லையா?" என்று தமிழில் நான் முணுமுணுத்தபோது, ஒருவர் அன்போடு எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்தார்.

மழைநீர்தான் குடிநீர். கூரையில் விழுந்து, குழாயில் இறங்கி, தொட்டியில் சேருவதை அப்படியே குடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, எங்கள் வீட்டிலும் ஒரு குழாய் பொருத்தினோம். அது இன்றும் கொடிக்கயிறு கட்ட உதவுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் பௌர்ணமி. மனைவி விரதம். மாலையில் தேநீர்க் கடையில் உருண்டையாக, பொன்னிறமாக, ஆவி பறக்கப் போண்டா. தாம்பத்தியக் கணக்கில் ஒரு மதிப்பெண் சேரட்டும் என்று ஆறு வாங்கிப் போனேன். அவள் ஒன்றை வாயில் போட்டாள். நிறுத்தினாள். அண்ணாமலையானை நினைத்திருக்க வேண்டும், பார்த்தது என்னை. உள்ளே சூரை மீனும் தேங்காயும். குல்ஹா என்று பெயர். அந்தக் கடைப் பலகாரங்களில் மீன் இல்லாதது தேநீர் ஒன்றே என்று பிறகு அறிந்தேன். மீதி ஐந்தை நான் சாப்பிட்டது எனக்கு எதிரான கூடுதல் சாட்சியமாயிற்று.

அப்போதுதான் அம்மா காதில் சொன்னது வெளியே வந்தது. "அத்தை அப்பவே சொன்னாங்க. எங்க இருந்தாலும் பௌர்ணமிக்குச் சுத்தச் சொன்னாங்க. என்னாங்க, கெளம்புங்க."

"எதைச் சுத்தறது?"

"இருக்கறதை."

அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். தீவின் சுற்றளவு 2.8 என்று நானே வகுப்பில் கணக்குக் கொடுத்திருந்தேன். வகுத்தால் ஐந்து. வாத்தியார் வேலையின் ஆபத்து இதுதான். விடை வீட்டுக்கு வந்துவிடும். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். நடுவில் மலைக்குப் பதிலாகக் கைபேசிக் கோபுரம். கிரிவலப் பாதையில் வரும் அஷ்டலிங்கங்களையும் மனைவி ஒதுக்கீடு செய்தாள்: ஜெனரேட்டர் கொட்டகை அக்னி, ஏடிஎம் குபேரன். வருணனுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. பௌர்ணமி ஏற்றத்தில் அவரே பாதைக்கு வந்து முழங்கால்வரை நனைத்தார்.

மூன்றாம் சுற்றில் ஜோலிக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "சார், எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" "சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொன்னார்" என்றேன். ஐந்தாம் சுற்றில் இரண்டு பேர் துணைக்கு வந்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கு ஏழு பேர்; ஒருவருக்கு உண்மையிலேயே சர்க்கரை.

அந்தக் கார்த்திகையில் தீபத்தைக் கைபேசியில் பார்த்தோம். அண்ணாமலையில் மாலை ஆறு. எங்கள் தீவில் கடிகாரம் அரை மணி பின்தங்கி ஐந்தரை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் சமையலறையில் ஓர் அகல் ஏற்றினாள். மகள் பள்ளியில் "எங்கள் ஊர்" என்று ஒரு முக்கோணம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். ஆசிரியை அதைச் சமோசா என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

மாலத்தீவுக்கு வேலைக்குப் போகும் வாத்தியார்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது மூன்றுதான். குக்கர் ரப்பர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். போண்டாவைப் பிய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் தீவின் சுற்றளவை வீட்டில் சொல்லாதீர்கள்.