ஜென்டூக்காரர்

நம் ஜென்டூ லினக்ஸ் பக்தர், உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கிவிடும் மென்பொருளைக்கூட மூலநிரலிலிருந்து கம்பைல் செய்துதான் நிறுவுவார். "எவனோ கம்பைல் பண்ணினதை நான் ஏன் ஓட்டணும்?" என்பது அவர் கட்சி. மெஷினில் 16 கோர். மேக் கட்டளை ஓடும்போது பதினாறும் சேர்ந்து உழைப்பதைப் பார்த்துப் பூரித்துப்போவார். ஆனால் அதற்குமுன் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட் ஓடி முடிய வேண்டுமே! அங்கேதான் மனுஷருக்கு மூக்கு சிவக்கும்.

இந்த ஸ்கிரிப்டை உருவாக்கித்தருவது ஆட்டோகான்ஃப். 1991-ல் டேவிட் மெக்கென்சி அந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் யூனிக்ஸ் கம்பெனிக்கு ஒரு தினுசாக இருந்தது. அதனால் ஸ்கிரிப்ட் எதையும் நம்பாது. சி கம்பைலர் இருக்கிறதா? இருந்தால் வேலை செய்யுமா? கேள்விக்குக் கேள்வி 'கான்ஃப்டெஸ்ட்' என்று ஒரு குட்டி நிரல் எழுதும், கம்பைல் செய்யும், அழிக்கும், அடுத்த கேள்விக்கு நகரும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்று. மிச்சப் பதினைந்து கோரும் கொட்டாவி விடும். 1989-லேயே சி தரத்தில் இடம்பிடித்துவிட்ட ஸ்டிட்லிப் ஹெடர் கோப்பு, பென்ஷன்காரர் உயிர்ச்சான்று கொடுப்பதுபோல ஒவ்வொரு முறையும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறது. ஒரு வரி வணக்கம் சொல்வதற்கென்றே இருக்கும் குனு ஹலோவுக்கும் இந்த விசாரணை உண்டு!

"சாப்பிட வாங்களேன், ஆறிப்போகுது" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"கான்ஃபிகர் ஓடுதும்மா, இதோ!"

சும்மா இருப்பாரா? பாஷ் ஷெல்லை விட்டு டாஷ் ஷெல்லுக்கு மாறினார். பில்டு டைரக்டரியை ரேமில் வைத்தார். கம்பைல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் சிகேஷ் போட்டார், லிங்க் செய்து பார்க்கும் சோதனைகளுக்கு அது உதவாது என்பது பிறகு தெரிந்தது. கடைசியில் கான்ஃபிகரின் 'மைனஸ் கேப்பிட்டல் சி' ஆப்ஷன். போன தடவை கிடைத்த பதில்களை 'கான்ஃபிக்.கேஷ்' கோப்பில் எழுதிவைத்து, மறுமுறை அதையே படித்துக்கொள்ளும். நிஜமாகவே நல்ல வசதி. மறுமுறை ஓட்டினால் பதில்கள் மளமளவென்று கொட்டும்.

இவரிடம் அது எடுபடாததற்குக் காரணம் இவரேதான். கம்பைலருக்குக் கொடுக்கும் ஃபிளாகுகளை வாரத்துக்கொரு தரம் மாற்றாவிட்டால் தூக்கம் வராது. ஃபிளாக் மாறினால் ஸ்கிரிப்ட் பழைய கேஷை ஏற்காமல் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். கேஷை அழித்துவிட்டு, சி கம்பைலர் இருக்கிறதா என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் கேட்டான்: "சார், ஸ்டிட்லிப் இருக்கான்னு கேட்டா எல்லா மெஷின்லயும் ஆமாம்னுதானே வருது? அந்தச் செக்கையே தூக்கிட்டா என்ன?"

"தூக்கிடறதா? நாளைக்கே எவனாவது பழைய சோலாரிஸ் யூனிக்ஸ்ல ஓட்டினா?"

சோலாரிஸ் மெஷின் ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை.